குதிக்கும் சிலந்தி, கிட் லென்ஸ், ஒரு ஃபோம் தாள்: மேக்ரோ நிகழ்வு ஆய்வு

மதுரையில் ஒரு மாடித் தோட்டம். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர். கையில் கேனான் 1500டி கேமரா, அதோடு ஒரே பெட்டியில் வந்த 18-55, 55-250 என்று இரண்டு லென்ஸ்கள். படம்பிடிக்க ஆசைப்பட்டது செம்பருத்தி இலையிலும் தண்ணீர்த் தொட்டிச் சுவரிலும் திரிகிற குதிக்கும் சிலந்தியை. பிளெக்ஸிப்பஸ் பேய்குல்லி என்பது அதன் அறிவியல் பெயர். வெப்பநாடுகள் எங்கும் வீட்டுச் சுவர்களில் காணப்படும் இனம். முழு வளர்ச்சி அடைந்த சிலந்தி சுமார் ஒரு சென்டிமீட்டர் இருக்கும்.

அவர் அனுப்பிய படங்கள் மூன்று ரகம். முதல் ரகத்தில் சிலந்தி புள்ளியாக இருந்தது. இரண்டாவதில் கொஞ்சம் பெரிதாக, ஆனால் கலங்கி இருந்தது. மூன்றாவது, கேமராவிலேயே உள்ள பிளாஷைத் தட்டிவிட்டு எடுத்தவை: படத்தின் கீழ்ப்பாதியில் அரைவட்டமாக ஒரு கரிய நிழல், மேல்பாதியில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்த சுவர். கூடவே ஒரு கேள்வி: "அண்ணே, மேக்ரோ லென்ஸ் வாங்கிட்டா இதெல்லாம் சரியாயிருமா?"

ஆகாது என்றேன். வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. படங்களைப் பார்த்தாலே தெரிந்தது. மூன்று ரகக் கோளாறில் ஒன்றுதான் லென்ஸைச் சேர்ந்தது. மற்ற இரண்டும் ஒளியின் வேலை.

சிலந்தி ஏன் புள்ளியானது

மேக்ரோவில், அதாவது சிறு பொருளை நெருங்கிப் பெரிதாகப் படமெடுப்பதில், பேச்சு எப்போதும் உருப்பெருக்கத்தில் தொடங்கும். 1:1 என்றால் ஒரு சென்டிமீட்டர் பொருள் சென்சாரின் (படம் பதியும் சில்லின்) மீதும் ஒரு சென்டிமீட்டராக விழும். 1500டி போன்ற ஏபிஎஸ்-சி அளவுக் கேமராவின் சென்சார் 22.3 மி.மீ. அகலம். ஆக 1:1 இல் நம் சிலந்தி படச் சட்டத்தின் அகலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இடம் பிடிக்கும். 2:1 போனால் சட்டம் 11 மி.மீ. அகலத்தைத்தான் காட்டும், சிலந்தி அடைத்துக்கொண்டு நிற்கும்.

அவர் பயன்படுத்திய 18-55 அதிகபட்சமாக 0.34 மடங்குதான் தரும். சட்டத்தின் அகலம் கிட்டத்தட்ட 65 மி.மீ. அதில் ஒரு சென்டிமீட்டர் சிலந்தி ஆறில் ஒரு பங்குதான். 55-250 இல் 0.31, அதுவும் 1.1 மீட்டர் தள்ளி நின்று. ஜூம் நீளமாக இருப்பதால் பூச்சி பெரிதாக வரும் என்ற எண்ணம் தொடக்கக்காரர்கள் பலருக்கும் உண்டு. நீளம் தூரத்தை வாங்கித் தரும். பெரிதாக்குவதற்கு லென்ஸ் எவ்வளவு நெருக்கத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதுதான் முக்கியம்.

நெருக்கமாக ஃபோகஸ் ஆக வைக்க மலிவான வழிகள் மூன்று உண்டு. மூன்றையும் அந்த மாடியிலேயே ஒப்பிட்டுப் பார்த்தோம்.

முதலாவது, லென்ஸைத் திருப்பி மாட்டுவது. ரிவர்ஸ் ரிங் என்ற வளையம் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 18-55 ஐத் திருப்பி 18 மி.மீ. முனையில் வைத்தால் உருப்பெருக்கம் 3 மடங்கைத் தாண்டும். கேட்கவே கிளர்ச்சியாக இருக்கும். சிலந்திக்கும் லென்ஸுக்கும் நடுவே எஞ்சுவது நான்கைந்து சென்டிமீட்டர்தான். தவிர, திருப்பிய லென்ஸுக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பு அறுந்துபோகும். அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை; எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்) மாற்ற, நேராக மாட்டி எஃப் எண்ணை வைத்து, துளையைச் சுருக்கிக் காட்டும் டெப்த் பிரிவியூ பொத்தானை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்றும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். வ்யூஃபைண்டரும் இருண்டுபோகும். காய்ந்த விதை, தபால்தலை, இறந்த வண்டு என்று அசையாத பொருளுக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது. உயிருள்ள சிலந்திக்கு, அதுவும் முதல் முயற்சிக்கு, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, எக்ஸ்டென்ஷன் ட்யூப். கண்ணாடி இல்லாத வெற்றுக் குழாய். லென்ஸை சென்சாரிலிருந்து தள்ளி வைக்கும். இதில் கணக்கு எளிது: குழாயின் நீளத்தை லென்ஸின் ஃபோக்கல் நீளத்தால் (அதன் மி.மீ. எண்ணால்) வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம். 12, 20, 36 மி.மீ. என்று மூன்று குழாய்களாக வரும் தொகுப்பை முழுதும் அடுக்கினால் 68. அதை 50 மி.மீ. லென்ஸில் மாட்டினால் 1.36 கூடும், நல்ல பலன். அதையே 250 மி.மீ. முனையில் மாட்டினால் கூடுவது 0.27 தான். 18 மி.மீ. முனையில் மாட்டினாலோ ஃபோகஸ் ஆகும் புள்ளி லென்ஸின் கண்ணாடிக்கு உள்ளேயே விழுந்துவிடும், எதுவுமே தெரியாது. கையில் 50 மி.மீ. இருப்பவருக்கு ட்யூப் பொருந்தும். இவரிடம் அது இல்லை.

மூன்றாவது, லென்ஸின் முன்னால் மாட்டும் குளோஸ்-அப் கண்ணாடி. ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்று பூச்சிப் படக்காரர்கள் பையில் கட்டாயம் கிடக்கும் சிறு வில்லை இந்த வகை. 8 டயாப்டர், அதாவது 125 மி.மீ. ஃபோக்கல் நீளம். 52 முதல் 67 மி.மீ. வரை விட்டமுள்ள லென்ஸ்களில் கிளிப்பாகக் கவ்விக்கொள்ளும். நம் 55-250 க்கு 58. இங்கும் வகுத்தல்தான்: ஜூமின் நீளத்தை 125 ஆல் வகுக்க வேண்டும். ஃபோகஸை முடிவிலியில் நிறுத்தி, ஜூமை 125 இல் வைத்தால் 1 மடங்கு, 250 இல் 2 மடங்கு. 55 பக்கம் கொண்டுபோனால் மூலைகள் இருளும், அந்தப் பக்கம் போகவே தேவையில்லை. முக்கியமான சங்கதி, ஜூமை எங்கே வைத்தாலும் சிலந்திக்கும் வில்லைக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ ஒன்றேதான்: பன்னிரண்டு சென்டிமீட்டர் சுமார். சிலந்தியைத் தேடும்போது ஜூமைக் குறைத்துக் கண்டுபிடித்து, நின்ற இடத்திலேயே ஜூமைக் கூட்டலாம். தொடக்கக்காரருக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது, 3 மடங்கில் திருப்பிய லென்ஸ் வழியே ஒரு பூச்சியைத் தேடி அலைந்தவருக்குத்தான் புரியும்.

தேர்வு ரேனாக்ஸ் என்றானது. விலை மலிவு என்பது ஒரு காரணம். அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளிதான் பெரிய காரணம். எதற்கு என்று அடுத்து வருகிறது.

லென்ஸ் வாங்குகிறோமா, இடைவெளி வாங்குகிறோமா

மேக்ரோ லென்ஸ் விளம்பரத்தில் "குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் 30 செ.மீ." என்று போட்டிருப்பார்கள். அந்த 30 சென்சாரிலிருந்து அளந்தது. லென்ஸின் நீளத்தையும் கேமராவின் ஆழத்தையும் கழித்தால், 100 மி.மீ. மேக்ரோவில் 1:1 க்கு எஞ்சுவது 15 செ.மீ. அளவு. 60 மி.மீ. மேக்ரோவில் அது இன்னும் குறைவு, 180 மி.மீ. வகையில் தாராளம்.

இடைவெளி கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். சிலந்தி மிரளாது என்ற அளவில் சரி. ஒளிக்கு அது கெடுதல். ஒளி மென்மையாக இருப்பதும் கடுமையாக இருப்பதும் விளக்கின் உண்மையான அளவைப் பொறுத்ததல்ல. சிலந்தி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. 15 செ.மீ. அகல டிஃப்யூஸர் (விளக்கின் ஒளியைப் பரப்பும் திரை) 10 செ.மீ. தூரத்தில் இருந்தால் சிலந்தியின் வானத்தில் 70 பாகைக்கு மேல் அடைத்துக்கொள்ளும். அதையே 30 செ.மீ. தள்ளி வைத்தால் 30 பாகைகூட வராது. சூரியன் அத்தனை பெரிதாக இருந்தும் வானில் அரைப் பாகைதான். அதனால்தான் உச்சிவெயில் படங்களில் நிழல் கத்தி வெட்டியதுபோல் விழுகிறது.

ஆக, இடைவெளி மிகக் குறைந்தால் ஒளி உள்ளே நுழைய வழியில்லை, லென்ஸே மறைக்கும். மிக அதிகமானால் டிஃப்யூஸர் சிறுத்துப்போகும். பத்து முதல் பதினைந்து செ.மீ. வரை என்பது கையில் கேமராவோடு அலைகிற தொடக்கக்காரருக்கு இரண்டும் கைகூடும் தூரம். லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை மடங்கு என்று மட்டும் கேட்டுவிட்டு, எவ்வளவு இடம் விடுகிறது என்று கேட்காமல் வாங்குபவர்கள்தான் பிறகு ஒளியோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கலங்கலுக்குக் காரணம்

இரண்டாம் ரகப் படங்களின் கலங்கலை ஃபோகஸ் பிழை என்று அவர் நினைத்திருந்தார். படத்தின் விவரங்களைப் பார்த்தால் நிழலில் எடுத்தவை, ஷட்டர் 1/30 நொடி பக்கம். உருப்பெருக்கம் கூடக்கூட கைநடுக்கமும் அதே மடங்கில் பெருகும். லென்ஸில் நடுக்கக்குறைப்பு வசதி இருக்கிறதே என்றால், சாதாரண வசதி கேமரா சாய்வதைத்தான் சரிசெய்யும். நெருக்கத்தில் தொல்லை தருவது கேமரா மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்வது. இரண்டையும் சேர்த்துத் திருத்தும் ஏற்பாட்டுடன் கேனான் 2009 இல் ஒரு 100 மி.மீ. மேக்ரோ கொண்டுவந்தது. அதிலும் 1:1 இல் கிடைப்பதாக நிறுவனமே சொன்னது இரண்டு ஸ்டாப் உதவிதான், அதாவது நான்கு மடங்கு மெதுவான ஷட்டர் வரை.

சரி, வெயிலில் எடுத்தால்? தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, எஃப்/16 வைத்தால் ஷட்டர் சுமார் 1/100 என்பது பழைய ஃபிலிம் காலத்து விதி. மேக்ரோவில் எஃப்/16 க்குக் குறையாமல் தேவைப்படும், ஏனென்றால் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் பகுதி, அவ்வளவு மெல்லியது. ஏபிஎஸ்-சி சென்சாரில், ரேனாக்ஸோடு, 2 மடங்கில், எஃப்/16 இல் தெளிவாக விழும் ஆழம் 0.15 மி.மீ. அளவு. சிலந்தியின் முன்கண் தெளிந்தால் அடுத்த வரிசைக் கண் போய்விடும். 1 மடங்குக்கு இறங்கினால் அதே எஃப்/16 இல் 0.6 மி.மீ.; நான்கு மடங்கு கூடுதல். அதனால் ஜூமை 150 பக்கம் நிறுத்தச் சொன்னேன். 1.2 மடங்கு, சட்டத்தில் பாதிக்குமேல் சிலந்தி, 24 மெகாபிக்சலில் வெட்டிக்கொள்ளத் தாராளமாக இடம். முகத்தை மட்டும் திரை முழுக்க நிரப்பும் ஆசை பிற்பாடு.

இந்த இடத்தில் எஃப் எண் பற்றி ஒரு சூட்சுமம். மேக்ரோ லென்ஸை 1:1 க்குக் கொண்டுபோனால் நீங்கள் வைக்கும் எஃப்/11 நடைமுறையில் எஃப்/22 போல வேலை செய்யும். ஒளியும் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காக, குறையும். நிகான் கேமராக்கள் இந்த மாறிய எண்ணையே காட்டும், கேனான் காட்டாது. குளோஸ்-அப் வில்லையில், ஃபோகஸ் முடிவிலியில் இருக்கும்வரை, இந்த இழப்பு இல்லை: எஃப்/16 என்றால் எஃப்/16 தான். எனவே மேக்ரோ லென்ஸ்காரர் எஃப்/11 என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதையே நகலெடுத்தால் ரேனாக்ஸில் ஆழம் பாதியாகிவிடும். எஃப்/22 வரை போனால், சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) படம் சற்று மழுங்கும். கைபேசித் திரையில் பார்க்கும் அளவுக்கு அது பொருட்டில்லை.

ஆழத்துக்காக எஃப்/16, நடுக்கத்துக்காக வேகமான ஷட்டர், நிழலில் நிற்கும் சிலந்தி. மூன்றும் சேர்ந்தால் வெளிச்சம் போதாது, பிளாஷ் வேண்டும். ஐஎஸ்ஓவை ஏற்றலாமே என்பவர்கள் சிலந்தியின் உடல்மயிர்களைக் குறுணை மூடிய பிறகு வருந்துவார்கள்.

ஒளியை முன்னால் கொண்டுவருவது

அந்த அரைவட்ட நிழல் லென்ஸின் நிழல்தான். கேமராவிலேயே உள்ள பிளாஷ் லென்ஸுக்குச் சற்று மேலே இருக்கிறது. ஜூம் நீண்டு நிற்கிறது. சிலந்தி அதன் மூக்குக்கு நேர் முன்னால். ஒளி லென்ஸின் முதுகில் மோதி நிற்கிறது. செய்ய வேண்டியது, ஒளியை லென்ஸின் முனைக்கு அப்பால் கடத்திக் கொண்டுபோய் மேலிருந்து இறக்குவது.

முதல் ஏற்பாடு செலவில்லாதது. உருளைக்கிழங்கு சிப்ஸ் வரும் நீள டப்பாவை அடிப்பாகம் வெட்டி, உள்புறம் பளபளப்பாக இருப்பதால் அப்படியே குழாயாக வைத்து, பிளாஷின் மேல் ஒரு முனை, லென்ஸின் முனைக்கு மேல் மறுமுனை, அங்கே பட்டர் பேப்பர். உலகம் முழுக்கப் பூச்சிப் படக்காரர்கள் செய்துபார்த்த பழைய உபாயம் இது. நிழல் உடனே ஒழிந்தது. ஒளியின் முகம் டப்பாவின் வாயளவுதான் என்பதால் கண்ணில் சிறிய, கூர்மையான வெள்ளைப் பொட்டு விழுந்தது. பட்டர் பேப்பர் லேசான மஞ்சளும் பூசியது.

இரண்டாவது, தனி பிளாஷ். வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருந்தது. 1500டி, 3000டி, 200டி-2 ஆகிய கேமரா உடல்களின் ஹாட் ஷூவில் (மேலே தனி பிளாஷ் மாட்டும் இடத்தில்) நடுமுள் தொடர்பு கிடையாது. எல்லாக் கேமராவிலும் எரியும் என்று சொல்லி விற்கும் ஒற்றைத் தொடர்பு மேனுவல் பிளாஷ்கள் இவற்றின் மேல் எரியாது. கேனானுக்கென்று ஈ-டிடிஎல் வசதியோடு (பிளாஷ் அளவைக் கேமராவே கணிக்கும் முறை) வருவதைப் பார்த்து, இதே மாடலில் வேலை செய்கிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்க வேண்டும். அப்படி ஒன்றை செகண்ட்ஹேண்ட் விலையில் பிடித்தார்.

டிஃப்யூஸர் வீட்டிலேயே செய்தது. பார்சலில் பொருளைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், ஒரு பால்வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா மூடி, கறுப்புச் சார்ட் பேப்பர், டபுள் டேப். பிளாஷின் வாயில் மூடி முதல் திரை. அங்கிருந்து சார்ட் பேப்பரில் செய்த கூம்பு லென்ஸின் முனையைத் தாண்டி நீண்டு, முன்னால் வளைந்து தொங்கும் ஃபோம் தாள் இரண்டாம் திரை. இரண்டு திரைக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்க வேண்டும், அதுதான் ரகசியம். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய நான்கு தாள்கள் ஒளியைக் குறைக்கும், பரப்பாது. முதல் திரை ஒளியைச் சிதறடித்து, அது விரிய இடம் கிடைத்து, இரண்டாம் திரை முழுவதும் ஒரே அளவில் ஒளிர்ந்தால்தான் பெரிய விளக்கு.

சரியாகப் பரவுகிறதா என்று பார்க்க எளிய சோதனை: ஒரு சைக்கிள் பால்ரஸ் குண்டை மேசையில் வைத்துப் படமெடுப்பது. அந்த எஃகுக் குண்டில் டிஃப்யூஸர் முழுசாகத் தெரியும். நடுவில் சுடர்ப்பொட்டு இருந்தால் முதல் திரை போதவில்லை; ஓரம் இருண்டிருந்தால் திரைகளுக்கு நடுவே தூரம் போதவில்லை. குதிக்கும் சிலந்தியின் முன்கண் இரண்டும் அந்தக் குண்டு போலவே குவிந்து பளபளப்பவை, குண்டில் தெரிவதுதான் கண்ணிலும் தெரியும். வளைய எல்இடி விளக்கு வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கும் அதுவே காரணம். எட்டுக் கண்ணிலும் வளையல் வளையலாக விழும். ஒளி நேர் முன்னாலிருந்து வருவதால் முகத்தின் மேடுபள்ளமும் தட்டையாகும். பிளாஷோடு ஒப்பிட்டால் வெளிச்சமும் அற்பம். ஃபோகஸ் தேடுவதற்குத் துணைவிளக்காக ஒரு சிறு எல்இடி வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

அமைப்பு இப்படி நின்றது: மேனுவல் முறை, 1/200, எஃப்/16, ஐஎஸ்ஓ 200, பிளாஷ் முழுச் சக்தியில் 1/8 பக்கம், ஃபோகஸ் மேனுவலில் முடிவிலி. கேமராவை முன்னும் பின்னும் அசைத்துத்தான் ஃபோகஸ். இலை என்றால் இடது கையால் காம்பைப் பிடித்து, அந்தக் கையின் மேலேயே லென்ஸைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். இலை ஆடினால் கேமராவும் கூடவே ஆடும். சுவர் என்றால் முழங்கை சுவரில்.

1/200 அந்தக் கேமராவின் பிளாஷ் ஒத்திசைவு எல்லை: ஷட்டர் அதைவிட வேகமானால் பிளாஷ் ஒளி படம் முழுதும் விழாது. நடுக்கத்தை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, பிளாஷ் எரிந்து அணையும் நேரம். இன்றைய சாதாரண பிளாஷ்களில் முழுச் சக்தியில் 1/300 நொடி, மிகக் குறைந்த சக்தியில் 1/20000 நொடி என்ற அளவில் விவரக்குறிப்பு இருக்கும். டிஃப்யூஸர் நெருங்கி இருந்தால் குறைந்த சக்தியே போதும், குறைந்த சக்தி என்றால் குறுகிய ஒளி, கூர்மையான படம். மீண்டும் அந்த இடைவெளிதான். ஆனால் வெயிலில் கவனம்: ஐஎஸ்ஓ 200, எஃப்/16, 1/200 என்பது வெயிலுக்கே சரியான அளவு. பிளாஷ் படம் ஒன்றும் வெயில் படம் ஒன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து ஓரங்களில் பேய் நிழல் வரும். குடை பிடித்தோ, சொந்த உடம்பால் மறைத்தோ எடுக்க வேண்டும்.

கறுத்துப்போன பின்னணி

படம் தெளிந்ததும் அவர் அடுத்த குறை சொன்னார்: "ராத்திரில எடுத்த மாதிரி இருக்குண்ணே." பகல் பதினொரு மணிக்கு எடுத்த படம். டிஃப்யூஸர் சிலந்திக்கு 8 செ.மீ. மேலே, பின்னால் இருக்கும் செடி டிஃப்யூஸரிலிருந்து 40 செ.மீ. தள்ளி. தூரம் ஐந்து மடங்கு என்றால் ஒளி ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு. கறுக்காமல் என்ன செய்யும்?

தீர்வு சிலந்திக்குப் பின்னால் மூன்று நான்கு செ.மீ. தூரத்தில் ஏதாவது ஒன்று இருக்கும்படி பார்த்துக்கொள்வது. இன்னொரு இலை, காய்ந்த வாழைச்சருகு, சும்மா ஒரு பூ. சருகின் பழுப்புப் பின்னணி இந்த இனத்து ஆணின் கறுப்பு வெள்ளைப் பட்டைகளுக்கு அழகாக ஒத்துப்போனது. சிலர் ஐஎஸ்ஓவைக் கூட்டிப் பின்னணியை ஏற்றுவார்கள். நிழலில் அது சரிப்படும். பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மந்தமாக்கி எடுக்கும் வழக்கமும் உண்டு. அது எனக்கு உடன்பாடில்லை. விடிகாலையில் போனால் அவையே அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

ஒளியில் எவ்வளவு தூரம் போகலாம் என்று அவருக்குக் காட்டுவதற்காக லெவன் பிஸ் என்ற ஆங்கிலேயர் எடுத்த பூச்சிப் படங்களைத் திறந்து காட்டினேன். 2016 இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தவை. ஒரு பூச்சிக்கு எட்டாயிரம் படங்களுக்குமேல், கொம்புக்குத் தனி ஒளி, சிறகுக்குத் தனி ஒளி, கண்ணுக்குத் தனி ஒளி என்று பகுதி பகுதியாக எடுத்துக் கோத்தவை. அருங்காட்சியகத்துப் பதப்படுத்திய பூச்சிகள் என்பதால் அது முடிந்தது. ஆனாலும் கருத்து நமக்கும் பொருந்தும்: மேற்பரப்பு மாறினால் ஒளியும் மாற வேண்டும்.

அது அடுத்தே நிரூபணமானது. தோட்டத்து மாமரத்தில் முசுறுக் கூடு. அந்த எறும்புகளோடு, அவற்றைப் போலவே வேடமிட்டுத் திரியும் மிர்மாபிளேட்டா பிளாட்டலியாய்டஸ் என்ற சிலந்தியும் அங்கே இருந்தது. ஆணுக்கு முன்னால் நீண்ட தாடைகள் வேறு. மயிர் படர்ந்த பிளெக்ஸிப்பஸில் அழகாக விழுந்த அதே ஒளி, இவற்றின் வழுவழுப்பான உடலில் வெள்ளைத் தீற்றல்களாக விழுந்தது. ஃபோம் தாளை இருபக்கமும் இன்னும் கீழே இறக்கி, அடியில் ஒரு வெள்ளை அட்டை வைத்து ஒளியை மேலே திருப்பியதும் தீற்றல் மங்கியது, முழுதும் போகவில்லை. நீண்ட உடல் என்பதால் நேர் முன்னால் எடுத்தால் தாடை மட்டும் தெளியும். ஜூமை 100 க்கு இறக்கி 0.8 மடங்கில், உடலின் நீளம் சென்சாருக்கு இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் எடுத்தால் தாடை நுனி முதல் வால்நுனி வரை ஒரே தெளிவு.

மேக்ரோ லென்ஸ் வேண்டுமா என்ற கேள்வி இப்போதும் இருக்கிறது. கிளிப்பைக் கழற்றாமலே தூரத்துப் பட்டாம்பூச்சியையும் கிட்டத்துச் சிலந்தியையும் மாறி மாறி எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், பழைய 100 மி.மீ. ஒன்றைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இடைவெளி ஏறக்குறைய அதேதான். லென்ஸின் நீளத்துக்குக் கூம்பை வெட்டிச் சரிசெய்துகொண்டால் இந்த டிஃப்யூஸரே அதற்கும் பொருந்தும்.